கை தட்டினால் மேளம் அடிக்கும்

ஜூன் 3

இன்று என்னை ஷோகேஸில் ஏற்றினார்கள். மேல் தட்டு, நடு இடம். எனக்கு உரிய இடம்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கரடி. குரங்கு இல்லை. பழுப்பு ரோமம், சிவப்புச் சட்டை, கழுத்தில் ஒரு மேளம், இரண்டு கையிலும் குச்சி, வயிற்றுக்குள் நாலு பேட்டரி. யாராவது கை தட்டினால் மேளம் அடிப்பேன். ஒரு தட்டுக்கு இருபது அடி. விமானத்தில் வந்தவன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குவைத்தில் ஒரு கடையில் முருகானந்தம் என்பவர் என் முன்னால் நின்று ஐந்து முறை கை தட்டினார். ஐந்து முறையும் அடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். பிறகு எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில், அவர் தலைமாட்டில் ஒரு வாரம் இருந்தேன். ஊருக்குக் கிளம்பிய நண்பர் ஒருவரின் பெட்டியில் என்னை வைத்து அனுப்பிவிட்டார். முருகானந்தம் வரவில்லை.

வந்து சேர்ந்த ஊர் அறந்தாங்கி. வீட்டில் இரண்டே பேர். அவருடைய மனைவி வளர்மதி, தையல் கடையில் வேலை பார்ப்பவர். மகள் சுபிக்ஷா, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெட்டியைப் பிரிக்கும்போது முருகானந்தத்தின் போன் வந்தது. வளர்மதி ஸ்பீக்கரில் போட்டார்.

“கவரைப் பிரிக்காத வளரு. தீபாவளிக்கு நான் வந்து, நானே கை தட்டிக் காட்டுறேன். அப்ப சுபி மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்.”

அவ்வளவுதான். பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல் என்னை உள்ளே வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார் வளர்மதி. சாவியைத் தாலிக் கயிற்றில் இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு கையிலும் குச்சியை வைத்துக்கொண்டு எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். மனசுக்குள் எழுதுகிறேன். எதிர்ச் சுவரில் அரிசி மண்டிக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் வளர்மதி தாளைக் கிழித்ததும் எனக்குத் தேதி தெரிந்துவிடும்.

ஜூன் 4

என்னோடு குடியிருப்பவர்கள்: கல்யாணப் போட்டோ. அட்டைப் பெட்டியை விட்டு இன்னும் வெளியே வராத ஆறு கண்ணாடி டம்ளர்கள். பிளாஸ்டிக் ரோஜா. முருகானந்தம் முன்பு எப்போதோ அனுப்பிய சென்ட் பாட்டில். பள்ளி விளையாட்டு விழாவில் சுபி பரிசாக வாங்கிய சோப்பு டப்பா.

சோப்பு டப்பாவுக்கு என் பக்கத்தில் என்ன வேலை என்று விளங்கவில்லை.

ஜூன் 9

பக்கத்து வீட்டு நூர்ஜகான் சர்க்கரை கேட்டு வந்தார். என்னைப் பார்த்தார்.

“என்ன வளரு, குரங்கு பொம்மையா?”

“கரடிக்கா. அவரு குவைத்துலேருந்து அனுப்புனது. கை தட்டுனா மேளம் அடிக்குமாம்.”

“அடி ஆத்தி. எங்க, தட்டிக் காட்டு பாப்போம்.”

“தீபாவளிக்கு வந்து அவரே காட்டுறேன்னிருக்காரு.”

வந்தவர் கண்ணெல்லாம் என் மேல்தான். பெருமையாக இருந்தது, குரங்கு என்றதைத் தவிர.

ஜூன் 12

பள்ளி திறந்துவிட்டது. இனி தினமும் நடக்கப்போவது இதுதான் போலிருக்கிறது. நாலரை மணிக்கு வளர்மதி சைக்கிளில் சுபியைக் கூட்டிவருகிறார். டீயும் பன்னும் கொடுக்கிறார். ஜன்னலைச் சாத்துகிறார். வெளியே போய்க் கதவைப் பூட்டுகிறார். தையல் கடைக்குத் திரும்பிப் போய், ஏழு மணிக்கு வந்து திறக்கிறார். போகும் முன் ஒரே பாடம்.

“யாரு வந்து கூப்பிட்டாலும் கொரல் குடுக்கக் கூடாது. வீட்ல ஆளு இல்லன்னு நெனச்சுக்கட்டும். என்ன?”

“சரிம்மா.”

“என்ன சொன்னேன்?”

“கொரல் குடுக்கக் கூடாது.”

கதவு பூட்டப்பட்டதும் சுபி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று முறை கை தட்டினாள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. மெல்லிய கண்ணாடிதான். ஆனால் நான் அடிக்கவில்லை. வயிற்றில் இருப்பது நாலே பேட்டரி. போகிற வருகிற நேரமெல்லாம் ஒரு சின்னப் பெண் தட்டுவதற்கு அடித்து என்னைத் தீர்த்துக்கொள்ள நான் என்ன ஏமாளியா? நான் காட்சிக்கு வந்தவன். என் மேளம் முருகானந்தத்துக்காக இருக்கிறது.

சுபி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கண்ணாடி இருக்குல்ல, ஒனக்குக் கேக்காது,” என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடாமல் நின்றவன் நான். பழி கண்ணாடி மேல் போயிற்று.

ஜூன் 13

மூன்று தட்டு. அடிக்கவில்லை.

ஜூன் 14

மூன்று தட்டு.

ஜூன் 30

காலண்டர் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருக்கிறார்கள். மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்கு அலைச்சல், மிதுனத்துக்குப் பெருமை என்று. என் ராசி எது என்று தெரியாததால் பன்னிரண்டையும் படித்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ‘சுகம்’ எடுத்தேன். பகல் முழுக்கப் பாலித்தீனுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 8

சுபி எனக்குப் பெயர் வைத்துவிட்டாள். டும்மான். என்னைக் கேட்கவே இல்லை.

கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, மூச்சு படிந்த இடத்தில் விரலால் எழுதிக் காட்டினாள். எனக்கு வலமிருந்து இடமாகத் தெரிந்தது. படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி ஊதினாள்.

ஜூலை 15

மாலையில் பள்ளியில் நடந்தது எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பிக்கிறாள். இன்று வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறாவது வரியில் தவறு செய்கிறாள். எனக்கு விடை தெரியும். சொல்ல வழி இல்லை. சோப்பு டப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 21

சுபி பள்ளிக்குப் போன பிறகு, வேலைக்குக் கிளம்பும் முன், வளர்மதி ஷோகேஸைத் திறந்தார். என்னைத் தொடவில்லை. சென்ட் பாட்டிலை எடுத்து மூடியை மட்டும் திறந்து முகர்ந்தார். அடித்துக்கொள்ளவில்லை. மூடி, இருந்த இடத்தில் இம்மி பிசகாமல் வைத்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷோகேஸ் தூசியாக இருப்பதால் அப்படி ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் 2

வயிற்றில் லேசான எரிச்சல். வெயில்தான் காரணம்.

ஆகஸ்ட் 12

ஆசை அறுபது நாள் என்பார்கள். சுபி தட்டத் தொடங்கி இன்றோடு அறுபது நாள் தாண்டிவிட்டது. இன்றும் மூன்று தட்டு தட்டினாள். “கேக்குதா டும்மான்? கேக்கலல்ல? பரவால்ல,” என்றாள்.

கேட்கிறது என்று சொல்லிவிடலாமா என ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

ஆகஸ்ட் 20

முருகானந்தம் போன் செய்தார். பல நாள் கழித்து. குரல் கம்மியிருந்தது. சுபி தூங்கிவிட்டாள் என்று நினைத்து வளர்மதி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு துணி மடித்தார்.

“கம்பெனிய மூடிட்டானுங்க வளரு. மூணு மாசமா சம்பளம் இல்ல. பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்குறான். இப்ப ஆளையே காணோம்.”

“அப்ப எப்படிங்க வருவீங்க?”

“பேப்பரு இல்லாம வெளிய போனா போலீசு புடிச்சிரும். ரூமுக்குள்ளயேதான் கெடக்கோம், எட்டுப் பேரும். நீ யார்கிட்டயும் சொல்லிக்காத. ஊர்ல நம்மள ஒரு மாதிரி பேசுவாக.”

“நான் ஏங்க சொல்லப் போறேன்.”

போனை வைத்த பிறகு பாயிலிருந்து சுபியின் குரல் வந்தது.

“அம்மா, அப்பாவும் ஷோகேஸ்லயா இருக்காரு?”

வளர்மதி, மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அந்த அறையை எனக்குத் தெரியும். சுவரில் ஆணி அடித்து எட்டுச் சட்டைகள் தொங்கும். ஒரே ஜன்னல். அதையும் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 21

நூர்ஜகான் கேட்டார். “அண்ணன் எப்ப வர்றாக?”

“தீபாவளிக்கு வந்துருவாருக்கா. டிக்கெட்டு போட்டாச்சு.”

டிக்கெட் போட்டது எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் கவனிக்காதபோது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 5

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். நாலரை மணிக்கு எப்போது சைக்கிள் மணி கேட்கும் என்று மூன்று மணியிலிருந்தே காத்திருக்கிறேன். வேறு வேலை இல்லாததால் இருக்கும்.

செப்டம்பர் 19

எரிச்சல் இப்போது முதுகு வரை போகிறது. உள்ளே ஏதோ கசிவதுபோல் இருக்கிறது. வெயிலும் குறைந்துவிட்டது. காரணம் தெரியவில்லை.

அக்டோபர் 22

இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் வரை செப்டம்பர் 20. இப்போது காலண்டரில் அக்டோபர் 22, தீபாவளிப் பண்டிகை என்று சிவப்பில் எழுதியிருக்கிறது.

இல்லை, புரிகிறது. சுபி ஸ்டூலைக் காலண்டருக்கு அடியில் போட்டு ஏறி, ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். அவசரப்படவில்லை. வளர்மதி காலையில் செய்வதுபோலவே ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகக் கிழித்தாள். கிழித்ததை எல்லாம் அடுக்கிச் சுவர் ஓரத்தில் வைத்தாள். பிறகு பிறந்தநாள் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதுகுக் கொக்கி எட்டாமல் அப்படியே விட்டு, பூட்டிய கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“டும்மான், இன்னைக்கு அப்பா வந்துருவாரு. ஒன்ன வெளிய எடுப்பாரு.”

ஏழு மணிக்குப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றாள். வந்தது வளர்மதி.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கவுனைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தாளைக் கிழிச்சா நாள் போயிருமாடி?”

“நீதானம்மா தெனம் கிழிக்கிற. நீ கிழிச்சப்பறந்தான மறுநா வருது.”

வளர்மதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கொக்கியை மாட்டிவிடுகிற சாக்கில் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டார். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

எனக்கும் அங்கே இறங்கிப் போகவேண்டும்போல் இருந்தது. கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது.

செப்டம்பர் 21

வளர்மதி தாள்களை வரிசையாக அடுக்கி, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியும், நிற்காததைத் தலைக் கிளிப்பால் கவ்வியும் காலண்டரைப் பழையபடி ஆக்கிவிட்டார். காலம் ஒரு மாதம் பின்னால் போயிற்று. உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது.

அக்டோபர் 6

மூன்று தட்டு. இன்று என் கை தானாக அசையப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். முருகானந்தம் வரும்போது தெம்பு வேண்டும். இன்னும் பதினாறு நாள்.

அக்டோபர் 14

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

முருகானந்தத்தோடு அறையில் இருந்த ஒருவர் எப்படியோ ஊருக்கு வந்துவிட்டாராம். பேராவூரணியில் இருக்கிறாராம். வளர்மதி மத்தியானமே இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். சுபியைக் கூட்டிவந்து, பன்னைக் கையில் கொடுத்து, “அம்மா பேராவூரணி வரைக்கும் போயிட்டு ஏழு மணிக்குள்ள வந்துர்றேன். யாரு கூப்பிட்டாலும்?” என்றார்.

“கொரல் குடுக்கக் கூடாது.”

பூட்டினார். போய்விட்டார்.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழை தொடங்கும் முன்பே இப்படியா என்று நினைக்கும்படியான மழை. ஆறரைக்கு மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் எல்லாம் இந்த வீட்டில் கிடையாது. ஜன்னலும் சாத்தியிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சோப்பு டப்பாவே தெரியவில்லை.

ஏழு மணி ஆகியிருக்க வேண்டும். பூட்டுச் சத்தம் இல்லை. அதற்கப்புறமும் வெகுநேரம் இல்லை.

சுபி அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. குரல் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார் அல்லவா. ஒரு முறை பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜகான் பாத்திரம் நகர்த்துவது கேட்டது. கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் வந்திருப்பார். சுபி கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை.

இருட்டில் தடவித் தடவி ஷோகேஸுக்கு வந்தாள். ஸ்டூல் எங்கே என்று தெரியவில்லை போலும். கீழேயே நின்று கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். உடம்பு நடுங்கியதில் கண்ணாடியும் நடுங்கியது.

“டும்மான்.”

அதைக்கூடக் காற்றாகத்தான் சொன்னாள்.

“ஒனக்குக் கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும்.”

பிறகு கை தட்டினாள். மூன்று முறை.

நாலு மாதம். தினம் மூன்று தட்டு. ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாத என்னை நினைத்து அந்த இருட்டில் எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது. என்ன பெரிய காட்சிப் பொருள். இருட்டில் காட்சிப் பொருளும் சோப்பு டப்பாவும் ஒன்றுதான். எனக்கு அவள் வேண்டும். அவள் அழக் கூடாது. இதைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை.

அடித்தேன்.

இருபது அடி. பாலித்தீன் சடசடத்தது. கண்ணாடி அதிர்ந்தது. டம்ளர்கள் ஆறும் பெட்டிக்குள் கலகலத்தன. சுபி மூச்சை நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு தட்டு தட்டினாள். மறுபடி இருபது. இன்னொரு தட்டு. இருபது.

“டும்மான், ஒனக்குக் கேக்குது,” என்றாள். இந்த முறை குரல் வந்தது.

வயிறு எரிந்தது. கசிந்தது எல்லாம் கொதிப்பதுபோல் இருந்தது. நிறுத்தவில்லை. அவள் தட்டத் தட்ட அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

சுவரில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு கேட்டது. பிறகு ஜன்னலுக்கு வெளியே காலடி. டார்ச் வெளிச்சம் ஜன்னல் இடுக்கில் கோடு கோடாக விழுந்தது.

“யாரு உள்ள? வளரு? ஏ சுபி, நீயா தங்கம்? என்ன சத்தம் அது?”

சுபி பேசவில்லை. சொன்ன சொல் இன்னும் இருந்தது. ஆனால் கையைத் தட்டினாள். நான் அடித்தேன்.

“அடி ஆத்தி, புள்ள தனியாவா இருக்கு,” என்றார் நூர்ஜகான். “பயப்படாத தங்கம். ஒங்க நூரு பெரியம்மாதான். ஜன்னக் கொண்டிய மட்டும் தள்ளு. நீ பேச வேணாம்.”

ஜன்னல் திறந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி மழையில் நின்றார். கம்பி வழியாகக் கையை விட்டு சுபியின் தலையைத் தொட்டார். இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கம்பி வழியாகவே உள்ளே வந்தன. நனைந்துகொண்டே நின்று ஊட்டினார். சுபி இரண்டாவது வாய்க்குத்தான் பேசினாள்.

“பெரியம்மா, டும்மான் அடிச்சான்.”

“அடிச்சான் அடிச்சான். அவன் அடிக்கலன்னா எனக்கு எப்படித் தெரியும்? நல்ல கொரங்கு.”

வளர்மதி வந்தபோது எட்டரை. சாலையில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டதாம். பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். ஜன்னலில் நின்ற நூர்ஜகானைப் பார்த்ததும், பூட்டைத் திறக்கக்கூட முடியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

“டிக்கெட்டெல்லாம் போடலக்கா. எல்லாம் பொய்க்கா. அவரு அங்க மாட்டிக்கிட்டாரு.”

“கதவத் தொற மொதல்ல. உள்ள போயிப் பேசுவோம்,” என்றார் நூர்ஜகான்.

அக்டோபர் 14

மறுநாள்தான். வளர்மதி தாளைக் கிழிக்க மறந்துவிட்டார்.

அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று சுபி கை தட்டினாள். ஒரே ஒரு அடி விழுந்தது. இரண்டாவதற்குக் கை பாதியில் நின்றுவிட்டது. இப்போதும் வலது கை பாதி தூக்கியபடியே இருக்கிறது.

“களைச்சுப் போயிட்டான்,” என்றாள் சுபி.

அக்டோபர் 22

தீபாவளி. அவர் வரவில்லை. வளர்மதி மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். நூர்ஜகான் வீட்டுக்கு முறுக்கு போயிற்று. சுபி ஒரு கம்பி மத்தாப்பை ஜன்னலுக்கு வெளியே பிடித்து எனக்குக் காட்டினாள்.

இப்போதெல்லாம் மாலையில் அவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே நான் மட்டும்தான். இது நல்லது. எனக்கு நாலரையிலிருந்து ஏழு வரை மிக நீளமாக இருக்கிறது. இருந்தாலும் இது நல்லது.

நவம்பர் 11

நூர்ஜகானின் தம்பி சலாவுதீன் குவைத்தில் டிரைவராம். மூன்று மாதம் முன்பே சொல்லியிருந்தால் அப்போதே போய்ப் பார்த்திருப்பானே என்று நூர்ஜகான் திட்டிக்கொண்டே போனைப் போட்டார். தம்பி அந்த அறைக்குப் போயிருக்கிறார். எம்பஸிக்கும் கூட்டிப் போகப்போகிறாராம். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஊர் திரும்ப ஒரே ஒரு தடவைக்குச் செல்லும் காகிதம் ஒன்று கொடுப்பார்களாம்.

“வெக்கத்துல வாயப் பூட்டி வச்சிருந்தியேடி,” என்றார் நூர்ஜகான்.

வளர்மதி தலையைக் குனிந்து சிரித்தார்.

டிசம்பர் 3

அவர் வருவார் என்று இப்போது உண்மையிலேயே தெரிகிறது. சந்தோஷம். ஆனால் பயமாகவும் இருக்கிறது. அவர் வந்து கை தட்டுவார். நான் நிற்பேன். வெறுங்கையோடு வருகிற மனுஷர் மகளிடம் காட்டவிருந்தது இந்த ஒன்றைத்தான். அதையும் நான் செலவழித்துவிட்டேன். வேலை செய்யாத பொம்மையை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் பழைய மிக்ஸி ஒன்று கிடக்கிறது.

செலவழித்ததற்காக வருத்தமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை.

டிசம்பர் 31

கடைசித் தாள். பன்னிரண்டு ராசியில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. ‘வரவு’ என்று இருந்ததை முருகானந்தத்துக்கு வைத்தேன்.

தாள் தீர்ந்த பிறகு, நான்காம் நாள்

அரிசி மண்டிக்காரர் இன்னும் புதுக் காலண்டர் தரவில்லை. வெறும் அட்டை தொங்குகிறது. நாள்களைச் சைக்கிள் மணியை வைத்து எண்ணுகிறேன்.

தாள் தீர்ந்த பிறகு, ஒன்பதாம் நாள்

வந்துவிட்டார்.

கையில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். கடையில் நான் பார்த்த மனுஷரில் பாதிதான் இருந்தார். தாடி. சட்டை தோளில் தொங்கியது. சுபி அவரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் கையை நீட்டினார். அவள் வரவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

“புள்ளைக்கு ஒண்ணும் வாங்கியாறல வளரு.”

“அதான் மொதல்லயே அனுப்பிட்டீங்கள்ல,” என்றார் வளர்மதி. ஊக்கிலிருந்து சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

ஷோகேஸ் பூட்டு இரண்டு முறை மறுத்து மூன்றாவதில் திறந்தது. முருகானந்தம் பாலித்தீனைப் பிரித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு என் மேல் காற்று பட்டது. என்னைத் தரையில் நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து, மகளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கை தட்டினார்.

தட்டினார். தட்டினார். ஐந்து முறை.

நான் என்னால் ஆனதை எல்லாம் செய்தேன். பாதி தூக்கிய கை அப்படியே நின்றது.

என்னைத் திருப்பி வயிற்று மூடியைக் கழற்றினார். உள்ளே நாலு பேட்டரியும் பொங்கி வெடித்து, பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்து, கம்பிகளைத் தின்றிருந்தன. சுண்டுவிரலால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

“பேட்டரியக் கழட்டி வைக்கச் சொல்ல மறந்துட்டேன். பூட்டியே வச்சதுல கெட்டுப் போச்சு,” என்றார். “ஒண்ணே ஒண்ணு. அதுவும் இப்படி ஆயிருச்சு.”

அப்போது சுபி அம்மாவின் புடவையை விட்டுவிட்டு வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். முதல் முறையாக, கண்ணாடி இல்லாமல், உறை இல்லாமல் என்னைத் தொட்டாள். அவள் கை சூடாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“கெட்டுப் போகலப்பா. டும்மான் அன்னைக்கே எனக்காக நெறய அடிச்சுட்டான். கரண்டு இல்லாதப்ப. அதான் தீந்துருச்சு.”

“அப்படியா?”

“ஆமா. நூரு பெரியம்மாவக் கேளுங்க.”

அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்றால் கிட்டே போகவேண்டும். போனாள். அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தன் மடியில் வைத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“இப்பத் தட்டுங்க.”

தேதி தெரியவில்லை

புதுக் காலண்டர் வந்து மாட்டிவிட்டார்கள் என்று கேள்வி. இங்கிருந்து தெரியாது. நான் இப்போது சுபியின் அக்குளில் இருக்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து இப்படித்தான். கழுத்தை நெரிக்கிற பிடி. ஷோகேஸில்கூட இவ்வளவு நெருக்கடி இல்லை.

ஒரு காது பாதி கிழிந்துவிட்டது. சட்டையில் சாம்பார். நூர்ஜகான் இன்றும் குரங்கு என்றார். இருந்துவிட்டுப் போகட்டும். ஆறு டம்ளர்களும் வெளியே வந்து அவருக்கு டீ கொடுக்கின்றன. ஷோகேஸ் சாவி எங்கே என்று வளர்மதிக்கே தெரியவில்லை. சோப்பு டப்பா சாயங்காலங்களில் எனக்குத் தலையணை. நல்ல டப்பாதான்.

முருகானந்தம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வேலைக்குப் போகிறார். ஏழு மணிக்கு வந்து, கால் கழுவிவிட்டு, எங்கள் முன்னால் உட்காருகிறார். ஒரே ஒரு தட்டு தட்டுகிறார். சுபி என் கைகளைப் பிடித்து மேளத்தில் அடிக்கிறாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

ஒரு தட்டுக்கு இருபது அடி என்பது என் கணக்கு. சுபி இருபதில் நிறுத்துவதில்லை.